சண்டே முதல் சாட்டர்டே வரை: ஆங்கிலக் கிழமைப் பெயர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆங்கிலம் என்று இங்கே சொல்வது, ஏறத்தாழ 1100 வரை இங்கிலாந்தில் வழங்கிய ஆங்கிலத்தை. அதன் சொற்களை ஒலிக்கு முடிந்தவரை நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். அதில் நாளைக் குறிக்கும் சொல் கிட்டத்தட்ட ‘டேய்’ என்று ஒலிக்கும். யாரையும் அதட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏழு பெயர்களும் எதிலிருந்து வந்தவை? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சண்டே சூரியனுக்கு, மண்டே சந்திரனுக்கு, சாட்டர்டே சனிக்கு உரிய ரோமத் தெய்வமான சாட்டர்னுக்கு. நடுவில் வரும் நான்கும் ஜெர்மானியத் தெய்வங்கள்: டியூஸ்டே டீவ், வெட்னஸ்டே வோடன், தர்ஸ்டே துனோர், ஃப்ரைடே ஃப்ரிக்.

ஆனால் அந்த நான்கு தெய்வங்களை வணங்குவதற்காக ஆளுக்கொரு நாள் ஒதுக்கி வைத்த பெயர்கள் அல்ல இவை. ரோமானியர்களின் வாரம் கோள்களின் பெயரால் ஆனது. அந்தக் கோள்கள் ரோமத் தெய்வங்களின் பெயரைத் தாங்கியவை. அந்த வாரத்தைக் கடன் வாங்கிய ஜெர்மானிய மக்கள், ஒவ்வொரு ரோமத் தெய்வத்துக்கும் தங்களிடம் யார் ஈடு என்று பார்த்துப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் டியூஸ்டேயும் நம் செவ்வாய்க்கிழமையும் ஒரே கோளுக்கு உரியவை. வெட்னஸ்டேயும் புதனும், தர்ஸ்டேயும் வியாழனும், ஃப்ரைடேயும் வெள்ளியும் அப்படியே.

கோள்களின் பெயர் என்றால், வரிசை ஏன் இப்படித் தாறுமாறாக இருக்கிறது?

தூரம், பிரகாசம், வேகம் என்று எதை வைத்து அடுக்கினாலும் சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்ற வரிசை வராது. இந்த வரிசை வருவது ஓரைக் கணக்கில். ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தந்த இரண்டு விளக்கங்களில் இதுவும் ஒன்று. தாளும் பேனாவும் எடுத்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

முதலில் ஏழு கோள்களையும் பூமியிலிருந்து பார்க்கும்போது மெதுவாக நகர்வதில் தொடங்கி வேகமாக நகர்வது வரை எழுதுங்கள்: சனி (வானத்தை ஒரு சுற்று சுற்ற 29½ ஆண்டு), வியாழன் (கிட்டத்தட்ட 12 ஆண்டு), செவ்வாய் (687 நாள்), சூரியன் (1 ஆண்டு), வெள்ளி, புதன், சந்திரன் (27.3 நாள்). அடுத்து, ஒரு நாளின் 24 மணிக்கும் இந்த வரிசைப்படி ஒவ்வொரு கோளாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். முதல் மணி யாருடையதோ அவரே அந்த நாளின் அதிபதி.

சனியில் தொடங்குவோம். 1, 8, 15, 22ஆம் மணிகள் சனிக்கு. 23 வியாழனுக்கு, 24 செவ்வாய்க்கு. நாள் முடிந்தது. அடுத்த நாளின் முதல் மணி சூரியனுக்கு விழுகிறது. ஆகவே சனிக்குப் பின் ஞாயிறு. அதே போல ஞாயிற்றிலிருந்து 24 மணி எண்ணினால் அடுத்த நாள் சந்திரனில் தொடங்கும். 24ஐ 7ஆல் வகுத்தால் மீதி 3. அதனால் ஒவ்வொரு நாளும் வரிசையில் மூன்று இடம் தள்ளிப் போகிறது. ஏழு நாளில் எல்லாரும் ஒரு முறை வந்துவிடுவார்கள்.

நான் செய்து பார்த்தேன், புதனும் வெள்ளியும் இடம் மாறி வருகின்றனவே?

வரிசையில் புதனை வெள்ளிக்கு முன்னால் எழுதியிருப்பீர்கள். இந்த ஒரு பிசகு போதும்; விடை சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், வெள்ளி, வியாழன், புதன் என்று வந்துவிடும். இந்த இடத்தில் பழங்காலத்து வானியலாளர்களுக்கே தகராறு இருந்தது. புதனும் வெள்ளியும் சூரியனை விட்டு வெகுதூரம் போவதில்லை, அதனால் பூமியிலிருந்து பார்க்க இரண்டும் சராசரியாக ஒரே ஓராண்டில்தான் வானத்தைச் சுற்றி வருகின்றன. யார் மேலே, யார் கீழே என்று வேகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சூரியன், வெள்ளி, புதன் என்று அடுக்கிய கட்சியின் கணக்குதான் வாரத்தில் நிலைத்தது.

இன்னொரு பிழை, இன்றைய பள்ளிப் பாடத்தில் உள்ளபடி சூரியனிலிருந்து தூரத்தை வைத்து அடுக்குவது. அதில் பூமி ஒரு கோள், சந்திரன் துணைக்கோள், சூரியன் நடுவில். பழைய கணக்கு பூமியை நடுவில் வைத்தது என்பதை மறந்தால் எதுவும் பொருந்தாது.

நம் தினசரி காலண்டரில் இருக்கும் ஓரையும் இதுவும் ஒன்றா?

ஒன்றேதான். ஞாயிற்றுக்கிழமை ஓரைகளைப் பாருங்கள்: சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய், மறுபடியும் சூரியன். மேலே எழுதிய அதே பட்டியல், சூரியனில் தொடங்குகிறது, அவ்வளவே. ஓரை என்ற சொல் வடமொழி ‘ஹோரா’விலிருந்து வந்தது, அது கிரேக்கச் சொல். ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் ‘அவர்’ என்பதும் அதே கிரேக்கச் சொல்லின் வழி வந்ததுதான். கோள்வாரம் கிரேக்கச் சோதிடத்தோடு சேர்ந்து மேற்கே ரோமுக்கும் கிழக்கே இந்தியாவுக்கும் போயிற்று. மத்தியப் பிரதேசத்து எரானில் உள்ள, குப்த மன்னன் புதகுப்தன் காலத்துத் தூண் கல்வெட்டு குப்த ஆண்டு 165, அதாவது கி.பி. 484ஐச் சேர்ந்தது. அதில் நாள் வியாழக்கிழமை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் கிழமையோடு தேதியிட்ட கல்வெட்டுகளில் மிகப் பழையதாக இதைச் சொல்வார்கள்.

ஆகவே ‘ஆங்கிலேயர் நம்மிடமிருந்து எடுத்தார்கள்’ என்பதும் தவறு, ‘நாம் ஆங்கிலேயரிடமிருந்து எடுத்தோம்’ என்பதும் தவறு. இரண்டு கிளைக்கும் வேர் ஒன்று.

ரோமானியர்கள் எப்போதிலிருந்து ஏழு நாள் வாரம் வைத்திருந்தார்கள்?

அவர்களுடைய சொந்த வழக்கம் எட்டு நாள் சந்தைச் சுற்று. நாட்காட்டிக் கல்வெட்டுகளில் நாட்களுக்கு ஏ முதல் எச் வரை எட்டு எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் பொறித்திருப்பார்கள். கோள்வாரம் அதற்குப் பக்கத்தில் மெல்ல நுழைந்தது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பொம்பெய் நகரத்துச் சுவர் ஒன்றில், ‘தெய்வங்களின் நாட்கள்’ என்று தலைப்பிட்டு ஏழையும் யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். அதில் முதல் நாள் சனி. 321 மார்ச்சில் கான்ஸ்டன்டைன் பேரரசர் சூரியனின் நாளை நீதிமன்றங்களுக்கும் நகர மக்களுக்கும் கைவினைஞர்களுக்கும் ஓய்வு நாளாக்கினார். உழவர்களுக்கு மட்டும் விலக்கு: மழையும் விதைப்பும் ஞாயிறு பார்த்து வராதே.

எந்த ரோமத் தெய்வத்துக்கு எந்த ஜெர்மானியத் தெய்வம், எதை வைத்து முடிவு செய்தார்கள்?

இது நடந்தது ரோமப் படைகளும் ஜெர்மானியக் குடிகளும் அருகருகே வாழ்ந்த ரைன் ஆற்று எல்லைப் பகுதியில், கி.பி. முதல் நான்கு நூற்றாண்டுகளுக்குள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இன்றைய ஆங்கிலேயரின் முன்னோர் பிரிட்டனுக்குக் கப்பல் ஏறும் முன்பே பெயர்கள் தயார்.

டியூஸ்டே: ரோமானியருக்குச் செவ்வாய் போர்த் தெய்வமான மார்ஸ். ஈடாக வந்தவர் டீவ். இவர் போரோடு ஊர்ச்சபை, வழக்கு, சத்தியம் ஆகியவற்றுக்கும் காவலர். வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டையில் 3ஆம் நூற்றாண்டுப் பலிபீடம் ஒன்று கிடைத்தது. அங்கே பணியிலிருந்த ஜெர்மானியப் படைவீரர்கள் அதை ‘மார்ஸ் திங்ஸஸ்’, அதாவது ‘சபையின் மார்ஸ்’ என்ற பெயருக்குப் படைத்திருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் செவ்வாய்க்கிழமை ‘டீன்ஸ்டாக்’ ஆனது இந்தத் திங்ஸஸிலிருந்துதான் என்று கருதப்படுகிறது. டீவ் என்ற பெயருக்கும் நம் பேச்சில் கலந்துவிட்ட வடசொல்லான ‘தேவன்’ என்பதற்கும் மூலம் ஒன்றே: இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் விண்ணவனைக் குறித்த சொல்.

வெட்னஸ்டே: புதன் ரோமானியருக்கு மெர்க்குரி. இவருக்கு ஈடு வோடன் என்பது முதலில் பார்க்க விநோதமாக இருக்கும். ஒருவர் வணிகர்களின் தெய்வம், மற்றவர் தெய்வங்களுக்கெல்லாம் தலைவர். ஆனால் இருவரும் ஊர் ஊராகத் திரிபவர்கள், தொப்பி அணிந்தவர்கள், இறந்தவர்களை மறுவுலகுக்கு அழைத்துச் செல்பவர்கள், எழுத்தோடு தொடர்புடையவர்கள். கி.பி. 98இல் எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ், ஜெர்மானியர்கள் எல்லாரையும்விட மெர்க்குரியையே அதிகம் வணங்குகிறார்கள் என்கிறார். அவர் வோடனைத்தான் சொல்கிறார்.

தர்ஸ்டே: ஜூப்பிட்டரும் துனோரும் இடி முழக்குபவர்கள். இங்கே யாருக்கும் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் இடியைக் குறிக்கும் ‘தண்டர்’ துனோரின் பெயரேதான்.

ஃப்ரைடே: வீனஸுக்கு ஈடு ஃப்ரிக், வோடனின் மனைவி. பெயரின் வேர் அன்பு என்று பொருள்படுவது; வடமொழி ‘பிரியா’வுக்கும் அதே வேர். நாம் ‘பிரியமான’ என்று கடிதம் தொடங்கும்போது ஃப்ரைடேயின் தூரத்து உறவுச் சொல்லைத்தான் எழுதுகிறோம். ‘ஃப்ரெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இந்தக் குடும்பமே.

சாட்டர்டே: சாட்டர்னுக்கு ஈடாக யாரும் அகப்படவில்லை. ரோமப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

ஃப்ரைடே ஃப்ரேயாவின் நாள் என்று படித்தேனே?

இணையத்தில் அதிகம் பரவிய தவறு இது. ஃப்ரேயா வட நாட்டு, அதாவது ஸ்காண்டிநேவியத் தெய்வம்; ஃப்ரிக் வேறு. பழைய ஆங்கிலத்தில் பெயர் ‘ஃப்ரீயெடேய்’, ஃப்ரிக்கின் நாள். இருவருக்கும் காதல், அழகு என்று குணங்கள் ஒத்துப்போவதால் குழப்பம் வருகிறது.

அப்படியானால் தோர், ஓடின் எல்லாம்?

துனோருக்கு வட நாட்டுப் பெயர் தோர், வோடனுக்கு ஓடின், டீவுக்கு டீர். ஒரே தெய்வங்களின் கிளைவடிவங்கள். வட நாட்டுக் கடலோடிகளான வைக்கிங்குகள் இங்கிலாந்தைத் தாக்கத் தொடங்கியது 8ஆம் நூற்றாண்டின் கடைசியில். கிழமைப் பெயர்கள் அதற்கு வெகு முன்பே இருந்தவை. ஆகவே ‘வைக்கிங்குகள் வைத்த பெயர்’ என்பது சரியல்ல. ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய ஆங்கிலத்தின் ‘துன்ரெஸ்டேய்’ நடுவிலிருந்த ‘ன்’ ஒலியை இழந்து தர்ஸ்டே ஆனதில், இங்கிலாந்தில் குடியேறிய வட நாட்டாரின் ‘தோர்ஸ்டாக்ர்’ என்ற வடிவத்துக்குப் பங்கு உண்டு என்று அகராதிகள் சொல்கின்றன. ஜெர்மனில் அந்த ‘ன்’ இன்னும் இருக்கிறது: டானர்ஸ்டாக்.

டியூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டேயில் ‘ஸ்’ இருக்கிறது. மண்டே, ஃப்ரைடேயில் ஏன் இல்லை?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. அந்த ‘ஸ்’ வேற்றுமை உருபு. தமிழில் ‘-இன்’, ‘-உடைய’ போல. பழைய ஆங்கிலத்தில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஒரே உருபு இல்லை. டீவ், வோடன், துனோர் ஆண்பால் பெயர்களில் ஒரு வகை. அவற்றுக்கு உருபு ‘-எஸ்’. டீவெஸ்டேய், வோட்னெஸ்டேய், துன்ரெஸ்டேய். சூரியனும் சந்திரனும் வேறு வகை. அவற்றுக்கு ‘-அன்’: சுன்னன்டேய், மோனன்டேய். ஃப்ரிக் பெண்பால், அதற்கு ‘-எ’: ஃப்ரீயெடேய். பின்னாளில் ‘-அன்’னும் ‘-எ’யும் தேய்ந்து மறைந்தன, ‘ஸ்’ மட்டும் பிழைத்தது. சாட்டர்டேயிலும் ஒரு காலத்தில் ‘-எஸ்’ இருந்தது. ‘சேட்டர்னெஸ்டேய்’ என்பதன் நடுப்பகுதி உதிர்ந்துவிட்டது. இன்னொரு செய்தி: பழைய ஆங்கிலத்தில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால்.

வெட்னஸ்டேயில் ‘டி’ எழுதுகிறோம், ஆனால் ‘வென்ஸ்டே’ என்கிறார்களே?

வோடனின் ‘ட’ அது. ட், ன், ஸ், ட் என நான்கு மெய்கள் நெருக்கியபோது முதல் ‘ட்’ பேச்சில் நசுங்கியது, எழுத்தில் தங்கியது. இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸில் உள்ள வெட்னஸ்பரி என்ற ஊரும் வோடன் பெயரால் ஆனதே. உள்ளூரார் ‘வென்ஸ்பரி’ என்பார்கள். தேர்வில் எழுத்துப்பிழை வராமல் இருக்க ‘வெட்-நெஸ்-டே’ என்று மனதுக்குள் மூன்றாக உடைத்துச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். வாயால் சொல்லும்போது ‘வென்ஸ்டே’.

வோடன், புதன், புத்தர் மூவரும் ஒருவரே என்பது உண்மையா?

இல்லை. ஒரே கிழமைக்கு அங்கே வோடன், இங்கே புதன் என்றிருப்பதைப் பார்த்து, 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் சிலர் கட்டிய கோட்டை அது. புதன் என்ற கோளின் பெயரும் புத்தர் என்ற பட்டமும் ‘அறிதல், விழித்தல்’ என்ற ஒரே வடமொழி வேரில் பிறந்தவை. ஆனால் குறிக்கும் ஆள் வேறு. வோடன் என்ற பெயரின் வேர் ஆவேசம், வெறியாட்டு என்ற பொருளுடையது. நம் ஊர்ச் சாமியாட்டத்தை நினைத்தால் அந்தப் பொருள் விளங்கும்.

கிறிஸ்தவ சபை இந்தப் பெயர்களை ஏன் விட்டுவைத்தது?

எல்லா இடத்திலும் விட்டுவைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐஸ்லாந்தின் ஹோலார் ஆயராயிருந்த யோன் ஓக்முண்டர்சன் தெய்வப் பெயர்களை ஒழித்தார் என்பது வரலாறு. இன்றும் அங்கே செவ்வாய் ‘மூன்றாம் நாள்’, புதன் ‘வார நடுநாள்’, வியாழன் ‘ஐந்தாம் நாள்’, வெள்ளி ‘நோன்பு நாள்’. போர்ச்சுகீசிய மொழியில் திங்கள் முதல் வெள்ளி வரை வெறும் எண்கள். இதற்குக் காரணம் பிராகா நகரத்தின் 6ஆம் நூற்றாண்டு ஆயர் மார்ட்டின் என்பார்கள். ஜெர்மனில் வோடன் மட்டும் வெளியேற்றப்பட்டு ‘மிட்வோக்’, வார நடு, வந்தது. பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலிய மொழிகளில் ஞாயிறு ‘ஆண்டவரின் நாள்’, சனி யூதர்களின் ஓய்வு நாளான ‘சபாத்’ என்று மாறின. நடுவில் உள்ளவை ரோமக் கோள்களாகவே இருக்கின்றன.

இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ‘முதல் நாள்’, ‘இரண்டாம் நாள்’ என்று எண்களால் அழைத்தார்கள். அவர்கள் வட்டத்தைத் தாண்டி அது போகவில்லை. புனித வெள்ளி ஆங்கிலத்தில் இன்னமும் ஃப்ரிக்கின் பெயரைச் சுமக்கிறது. தமிழில் அதே கோளான வெள்ளியின் பெயரை.

ஸ்காண்டிநேவியாவில் சனிக்கிழமை குளியல் நாளாமே?

ஆமாம். ஸ்வீடிஷ் ‘லோர்டாக்’, ஐஸ்லாந்தின் ‘லௌகர்டாகுர்’ இரண்டுக்கும் ‘கழுவும் நாள்’ என்பதே பொருள். ‘சனி நீராடு’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். தொடர்பு எதுவும் இல்லை, தற்செயல்.

பழைய ஆங்கில நூல்களில் ‘ஃப்ரைடே இரவு’ என்றால் வியாழன் இரவா?

பழைய ஆங்கிலத்தில் அப்படித்தான். இரவு அடுத்து வரும் பகலைச் சேர்ந்தது. ‘ஃப்ரீயெனிஹ்ட்’ என்றால் வெள்ளிக்கு முந்தைய இரவு. நாட்களை இரவால் எண்ணும் பழக்கமும் இதனோடு சேர்ந்தது. இரண்டு வாரத்தைக் குறிக்கும் ‘ஃபோர்ட்நைட்’ பதினான்கு இரவுகள் என்பதன் சுருக்கம். ‘கிறிஸ்மஸ் ஈவ்’ என்று முந்தைய நாளைச் சொல்வதில் அந்தக் கணக்கின் மிச்சம் இருக்கிறது.

வாரத்தின் முதல் நாள் சண்டேயா, மண்டேயா?

ரோமக் கோள்வாரத்தில் சனி முதல். யூத, கிறிஸ்தவ எண்ணிக்கையில் ஞாயிறு முதல். தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601இல் திங்கள் முதல், ஞாயிறு ஏழு. மூன்றுக்கும் ஆதாரம் இருப்பதால் வாதம் செய்து பயனில்லை. கணினியில் வேலை செய்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். எக்செல்லின் வீக்டே சார்பு எதுவும் சொல்லாவிட்டால் ஞாயிற்றை 1 என்று தரும். இரண்டாவது மதிப்பாக 2 கொடுத்தால்தான் திங்கள் 1 ஆகும். ஜாவாஸ்கிரிப்ட் ஞாயிற்றை 0 என்கிறது, பைத்தானின் வீக்டே திங்களை 0 என்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எண்ணை அப்படியே மாற்றினால் எல்லாத் தேதியும் ஒரு கிழமை தள்ளிப் போகும்.

கிழமை வரிசை எப்போதாவது அறுந்திருக்கிறதா?

நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் அறுந்ததில்லை. பழைய ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்றைய கிரிகோரியனுக்குப் பிரிட்டன் மாறியபோது, 1752 செப்டம்பர் 2 புதன்கிழமை. மறுநாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை. தேதி 11 நாள் தாண்டியது, கிழமை தாண்டவில்லை. பழைய ஆவணத்தின் கிழமையைக் கணக்கிடும்போது ஜூலியன் தேதியை கிரிகோரியன் சூத்திரத்தில் போட்டால் தவறான கிழமை வருவது இதனால்தான்.

உலக வரைபடத்தில் நாள் மாறும் எல்லையான தேதிக்கோட்டை மாற்றிய இடங்களில் மட்டும் கிழமை குலைந்தது. ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா அலாஸ்காவை வாங்கிய 1867இல் அங்கே அக்டோபர் 6 வெள்ளிக்கு மறுநாளும் வெள்ளியே, அக்டோபர் 18; நாட்காட்டியும் கூடவே மாறியதால் தேதி தாவியது. சமோவாவில் 2011இல் டிசம்பர் 29 வியாழனுக்குப் பின் நேராக 31 சனி. அந்த வாரம் அவர்களுக்கு ஃப்ரைடே வரவே இல்லை.